எங்கே உறங்குகிறாள்

முப்பத்தொரு வருடம் கடிதங்களை வீடு சேர்த்தவன் நான்.
முழங்கால் போய் ஓய்வு பெற்ற பிறகு
பள்ளி மாவட்ட அலுவலகம் கூப்பிட்டு ஒரு வேலை தந்தது.
முகவரி சரிபார்க்க வேண்டும். மணிக்குப் பதினெட்டு டாலர்,
பெட்ரோல் காசு தனி.

கேள்வி ஒன்றுதான்:
பிள்ளை இரவில் எங்கே உறங்குகிறது?

பிப்ரவரி. ஒஹையோ.
வாடெல் தெருவில் இன்னும் விடியவில்லை.
மடியில் கேமரா, ஆறிப்போன காபி,
என் மூச்சே கண்ணாடியில் திரை கட்டுகிறது.
ஆறு நாற்பது: சமையலறை விளக்கு.
ஆறு ஐம்பத்திரண்டு: கதவு.
டானீகா பெட்டிஃபோர்ட், முதியோர் இல்லச் சீருடை,
அதன் மேல் யாரோ ஓர் ஆணின் கோட்டு.
பின்னால் எமரி, எட்டு வயது,
பாதி தின்ற ரொட்டி கையில்.
தலையில் ஒரு பக்கம் பின்னியாயிற்று,
மறுபக்கம் சிக்னலில் நிற்கும்போது பின்னுவார்கள் போல.

படிவத்தில் எழுதியிருப்பது தாய்மாமன் வீடு,
ஓடைக்கு அப்பால், ஹாலிஸ் வட்டம், எண் 212.
அந்த வீட்டுக்கும் தபால் போட்டிருக்கிறேன்;
நாய் குரைக்காது, வாலாட்டும்.
அங்குள்ள பள்ளியில் இரண்டு நூலகர்கள்,
செலோக்களுக்கென்று தனியாக ஓர் அறை,
மரம் விரியாதபடி காற்றில் ஈரம் அளந்து விடுகிறார்கள்.
இந்தப் பக்கத்துப் பள்ளியில் ஈரத்தை யாரும் அளப்பதில்லை,
வாளி வைக்கிறார்கள்.
அறிவியல் ஆசிரியர் அக்டோபரில் போனவர்.

ஓடை என்ன அகலம்?
தோளில் பையோடு தாண்டியிருக்கிறேன்.

வீட்டு விலையில் வரி, வரியில் பள்ளி.
சரி, விலையை வைத்தது யார்?

கொரியாவிலிருந்து திரும்பிய அப்பா
இஸ்திரி போட்ட ராணுவ உடுப்பில் வங்கிக்குப் போனார்.
மேலாளர் மரியாதையாகத்தான் பேசினாராம்.
மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார்.
வாடெல் தெரு முழுக்கச் சிவப்பு.
"உங்களிடம் குறையில்லை, இடம் அப்படி."
அக்கரையில் கேட்டபோது பத்திரத்தில் ஒரு வரி இருந்தது,
யாருக்கு விற்கக் கூடாது என்று.
இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.
அப்பா சொன்னதில்லை. ஆனால்
வீட்டில் சிவப்புப் பென்சில் இருக்கக் கூடாது அவருக்கு;
ஆசிரியை திருத்திய தாளைக்கூட
மடித்துக் கொடுத்தால்தான் வாங்குவார்.

வரைபடம் இப்போது நகர நூலகத்தில்,
கண்ணாடிப் பெட்டிக்குள்.
கோடு வெளியேதான் இருக்கிறது.

மூன்று காலைகள், பதினான்கு படங்கள்.
அறிக்கையை வியாழனன்று கொடுத்துவிட்டேன்.
வெள்ளிக்கிழமை ஏன் மறுபடி போனேன் என்று
என்னைக் கேட்டால் தெரியாது.

ஜன்னலைத் தட்டினாள் எமரி.
"உங்க கார் ஸ்டார்ட் ஆகலையா?
நாலு நாளா இங்கேயே நிக்குதே.
அம்மாகிட்ட ஒயர் இருக்கு, பேட்டரிக்கு."
ஒரு கையில் கையுறை, மறு கை வெறுங்கை.
அவள் பின்னால் தாய், உண்மையிலேயே ஒயரோடு,
இரண்டடி வந்தவள், என் மடியைப் பார்த்தாள்.
நின்றாள்.
ஒயரைச் சுருட்டினாள், முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே,
அவசரமே இல்லாமல்.
"எமரி, நேரமாகுது."

சாவியைத் திருப்பினேன். ஒரே உறுமலில் கிளம்பியது வண்டி.
குழந்தை கை தட்டியது.

இரண்டு வருடக் கட்டணம், அபராதம்,
பொய்ச் சத்தியத்துக்கு ஒரு வழக்கு.
வழக்கில் ஒரு சொல்: திருட்டு.
களவு போன பொருள் என்ற இடத்தில்
மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்தார்கள்.

பதிவுத் தபால் ஹாலிஸ் வட்டத்துக்குப் போகவில்லை.
வாடெல் தெருவுக்குத்தான் வந்தது.
கொண்டுபோனவன் டெஸ்மண்ட், நான் வேலை பழக்கிய பையன்.
"கதவைத் தட்டுமுன்னே திறந்தாங்க" என்றான்,
"கையெழுத்துப் போட்டாங்க. பேனாவைத் திருப்பித் தந்தாங்க."

முகவரியில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை.